நகுதா காட்டிய ஆறு வேளைத் திசை

1

இது கதையாகப் பிறந்திருக்க வேண்டியதே இல்லை. இரண்டு பக்கப் பாடமாகப் பிறந்து, முகாமுக்கு வந்தவர்களின் துணிப்பைக்குள் போய், யாரும் படிக்காமல் சுகமாக இருந்திருக்க வேண்டியது. இந்தோனேசியத் துறைமுக நகரமான எங்கள் மகஸாரில் தலைமையாசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் என்னிடம் வந்தார்கள். “ஐயா, நீங்க ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நிச்சயமில்லாத காலத்துல தலைவர் எப்படிப் பேசணும்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க” என்றார்கள். மதியச் சாப்பாடு உண்டு என்றும் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன்.

உட்கார்ந்து எழுதினேன்.

“தலைவர் என்பவர் இருளில் ஒரு —”

ஒரு என்ன? விளக்குதான், வேறென்ன. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்த விளக்கைச் சிவப்பு மையால் அணைத்தவன் நான். அடித்துவிட்டேன்.

“நல்ல தலைவர் எப்போதும் உண்மையை மட்டுமே —”

இதுவும் பொய். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல தலைவர் மூன்று மணி நேரம் உண்மையைச் சொல்லாமல் இருந்தார். எனக்குத் தெரியும்.

மூன்றாவதாக இப்படி வந்தது: “எண்பத்தேழாம் வருஷம் அக்டோபர் மாதம், சினார் பெனெக்கி என்ற மரக்கப்பலில், அதன் தலைவரான நகுதா அம்போ சக்கா, ஒரு சனிக்கிழமை அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரத்தில், பதினைந்து பேர் முன்னால் நின்று ‘எனக்குத் தெரியாது’ என்றார்.”

பேனா அதற்குப் பிறகு நிற்கவில்லை. பாடம் போயிற்று. முகாம்காரர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

2

எங்கே தொடங்குவது என்பதில் தகராறு. கடலிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். “புளோரஸ் கடல் அன்று —” வேண்டாம். அன்று கடலே தெரியவில்லை. தீவுகளில் காய்ந்த புல்லுக்கு வைத்த நெருப்பின் புகை நாள்கணக்காகத் தண்ணீர் மேல் படுத்துக் கிடந்தது. ஆகவே ஆட்களிலிருந்து தொடங்குகிறேன்.

அம்போ சக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. குள்ளம், கெட்டியான கழுத்து, பேசுவதற்குக் காசு கேட்பவர் மாதிரி வாய். அவரோடு நான்கு மாலுமிகள். அதில் நமக்கு வேண்டியவன் எஞ்சின்காரன் பாஸோ மட்டும். கப்பல் நிறைய சர்க்கரை மூட்டை, சோப்பு, பிளாஸ்டிக் வாளி. மகஸாரின் பாவோத்தெரே துறையிலிருந்து தெற்கே, புளோரஸ் தீவிலுள்ள ரியோவுக்குப் போகிறது. எஞ்சின் ஓடினால் இரண்டு நாள் பயணம்.

பயணிகள் பதினொரு பேர். மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் ஹாஜா பாஹாரா. ஹஜ் போய்வந்த அம்மாள், துணி வியாபாரம், ஐம்பத்தெட்டு வயது, கப்பலே தன் தாய் வீட்டுச் சீதனம் என்பதுபோல் நடந்துகொள்வார். இன்னொருவன் கமாருடின், படகு கட்டும் தச்சன், தோள் இரண்டும் கதவு அகலம். மூன்றாவது ஆள் சர்க்கரை மூட்டைகள் மேல் படுத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர், மாற்றலாகி ரியோவுக்குப் போகிறவர், முப்பத்தொரு வயது. (இவரை முந்தைய மூன்று பிரதிகளில் நீக்கியிருந்தேன். இந்தப் பிரதியில் கிடக்கட்டும்.)

சினார் பெனெக்கியில் ஒரு சட்டம் உண்டு. “எப்போது போய்ச் சேருவோம்” என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் கடலின் காதில் விழும், அது வேண்டுமென்றே நாளைக் கூட்டும். “இப்போது எங்கே இருக்கிறோம்” என்பதும் கேட்கக்கூடாது. இடம் என்பது நகுதாவின் சொத்து. அது அவர் நெஞ்சுக்குள் இருக்கும், வாய்க்கு வராது. ஒரு நகுதா தன் இடத்தைத் தவறவிட்டால், அவர் கட்டியிருக்கும் வேட்டி அவிழ்ந்ததும் அதுவும் ஒன்றுதான். மானம் போனவன் சொல்லை யார் கேட்பார்கள்?*

* ஆனால் பயணிகள் சும்மா இருப்பார்களா? தொழுகை நேரம் வந்தால் நகுதா திசைகாட்டியைப் பார்த்துவிட்டு வந்து, வலது கையை நீட்டி, மக்காவின் திசையான கிப்லாவைக் காட்டுவார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள். அந்தக் கை எப்படி நீள்கிறது என்று பார்த்தே, பயணம் எப்படிப் போகிறது என்று கணக்குப் போடுவார்கள். கை உறுதியாக நீண்டால் ரியோ பக்கத்தில். பயணத்தில் இரண்டு வேளையைச் சேர்த்துத் தொழலாம் என்று சலுகை இருக்கிறது. ஹாஜா பாஹாரா ஏறிய கப்பலில் அந்தச் சலுகை செல்லாது.

3

வியாழன் காலை புறப்பட்டார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை எஞ்சின் ஒருமுறை இருமி, நின்றுவிட்டது.

பாஸோ முழங்கை வரை எண்ணெயோடு மேலே வந்தான். “நகுதா, அவுத்துப் பாக்கணும்.”

“பாரு.”

“அவுத்துப் பாத்தா மாட்ட முடியுமான்னு தெரியல.”

“அப்பவும் பாரு” என்றார் அம்போ சக்கா. பாய் ஏற்றச் சொன்னார். மெல்லிய காற்று இருந்தது, கப்பல் நடந்தது.

ஹாஜா பாஹாரா விடவில்லை. “ஏன்டா பாஸோ, போன தடவையும் இப்படித்தான் அவுத்த. மாட்டினப்போ மூணு நட்டு மிச்சம் இருந்துச்சு.”

“அது எக்ஸ்ட்ரா நட்டு, ஹாஜியம்மா.”

“ஆமா, ஒன் தலையிலயும் ஒண்ணு எக்ஸ்ட்ராவாத்தான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். பாஸோவும் சிரித்தான். எஞ்சின் அறை இடுக்கானது. கழற்றிய சாமான்களை வைக்க இடமில்லை. ஆகவே எஞ்சினின் கனத்த இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலையும் இரண்டு இரும்பு மூடிகளையும் மேலே தூக்கிவந்து, உருண்டு போகாத மூலையாகப் பார்த்து, சுக்கானுக்குப் பக்கத்தில், திசைகாட்டிப் பெட்டியின் அடியில் வைத்தான். நகுதா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “சரி, அங்க இருக்கட்டும்” என்று அவரேதான் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களில் கடல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நாக்கைக் கடித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காக: இத்தனை இரும்பைப் பக்கத்தில் வைத்தால் முள் வடக்கை விட்டுவிட்டு இரும்பைப் பார்க்கும். முப்பது வருஷம் கடலில் கிடந்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். எஞ்சின் நின்ற கவலையில் தெரிந்தது தெரியாமல் போயிற்று. நமக்கெல்லாம் நடப்பதுதான்.

4

இனி அம்போ சக்காவின் மனதுக்குள் போக வேண்டும். எனக்கு அங்கே நுழைய உரிமை கிடையாது. இருந்தாலும் கதை எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது, நுழைகிறேன்.

வெள்ளி மதியம் முதலே அவர் உள்ளங்காலில் ஏதோ சரியில்லை. அந்த மாதத்தில் அந்தக் கடலின் அலை எந்தப் பக்கமிருந்து கப்பலைத் தூக்கும் என்று அவர் காலுக்குத் தெரியும். அன்று அது வேறு பக்கமிருந்து தூக்கியது. முள்ளைப் பார்த்தார். முள் ‘சரியாகத்தான் போகிறோம்’ என்றது. சூரியனைப் பார்க்கலாம் என்றால் காலையும் மாலையும் புகை. உச்சி வேளையில் மட்டும் சிவந்த காசு மாதிரி தெரிந்தது, அதுவும் தலைக்கு நேர் மேலே. உச்சியில் நிற்கும் சூரியன் திசை சொல்லாது. நட்சத்திரமும் இல்லை. காலை நம்புவதா, முள்ளை நம்புவதா? வயதாகிவிட்டது, கால் மரத்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு முள்ளை நம்பினார்.

சனிக்கிழமை, மதியத் தொழுகைக்குச் சற்று முன்னால், பாஸோ ஒரு வாஷரைத் தேடி ஃப்ளைவீலை ஒரு பக்கமாக உருட்டினான். முள் துள்ளியது. ஐம்பது பாகை சுற்றிப் போய் நின்றது. வாஷர் அங்கே இல்லை. ஃப்ளைவீலைப் பழைய இடத்துக்கே உருட்டினான். முள் திரும்பிவந்து பழையபடி பொய் சொன்னது. பாஸோ முள்ளைப் பார்க்கவில்லை; குனிந்தபடியே கீழே இறங்கிப் போய்விட்டான்.

அம்போ சக்கா பார்த்தார். நேற்றிலிருந்து கப்பல் ரியோவுக்குப் போகவில்லை, கிழக்கே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். கீழே மாலுமி ஒருவன் பாங்கு சொன்னான்.

நகுதா வந்து கையை நீட்டினார். பழைய பக்கமே நீட்டினார். கப்பலின் வலப்பக்கக் கடைசி, தண்ணீர்ப் பீப்பாய்கள் இருந்த பக்கம். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. பதினைந்து பேரும் அந்தப் பக்கம் திரும்பித் தொழுதார்கள். அவரும் தொழுதார்.

[இந்த இடத்தில் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. நல்லவர் என்று சொல்லி உங்களை அழைத்துவந்தேன். தெரிந்தே தவறான திசையைக் காட்டுகிறார். முதல் பிரதியில் முள் துள்ளியதை மதியத் தொழுகைக்குப் பிறகு நடந்ததாக மாற்றி எழுதினேன். கதை வழுவழுவென்று ஓடியது. நகுதா அப்பழுக்கில்லாதவர் ஆனார். படித்துப் பார்த்தேன், எனக்கே அந்த மனிதரைத் தெரியவில்லை. பழையபடி தொழுகைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.]

முள் துள்ளியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம். சர்க்கரை மூட்டை மேல் படுத்திருந்தாரே ஓர் ஆசிரியர், அவர் நான்தான். நான் தூங்கவில்லை. திசைகாட்டிக்கு நான்கு கை தூரத்தில், கன்னத்தைக் கையில் தாங்கியபடி, முள் போனதையும் வந்ததையும் பார்த்தேன். நிமிர்ந்தபோது நகுதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. அப்புறம் நானும் போய் வரிசையில் நின்று, தெரிந்தே, தண்ணீர்ப் பீப்பாய்களைப் பார்த்துக் குனிந்தேன்.

5

லுஹர் என்ற மதியத் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவே மூன்று மணி நேரம்.

“அந்த மூன்று மணி நேரம் நகுதாவின் உள்ளத்தில் ஒரு —” தெரியாது. இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

நாளைக்கு ரியோ என்று கப்பலே கொண்டாடிக்கொண்டிருந்தது. நான்கு பீப்பாய் தண்ணீரில் ஒன்றேகால் மிச்சம். நாளைக்குக் கரை என்றால் அது தாராளம். கமாருடின் இரண்டு வாளி நல்ல தண்ணீரில் தலை குளித்தான். ஹாஜா பாஹாரா, தன் மூட்டையிலிருந்த கடைசி புராசாவை — தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, வாழையிலையில் கட்டியது — எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்து, பெரிய பானையில் இஞ்சிக் காப்பி வைத்தார்.

“நகுதா, காப்பி.”

“வேணாம், ஹாஜியம்மா.”

“என்ன வேணாம்? மூஞ்சியப் பாரு, மாப்பிள்ளைக்குப் பொண்ணு ஓடிப்போன மாதிரி.”

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பானையைப் பார்த்தார், கமாருடினின் ஈரத் தலையைப் பார்த்தார், மேல்தளத்தில் வழிந்து ஓடிய தண்ணீரைப் பார்த்தார். நான் ஒரு குவளை வாங்கிக் குடித்தேன். இனிப்பாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

அவருக்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. இரும்பை நைசாக நகர்த்திவிட்டு, கப்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் புகையில் யாருக்கும் தெரியாது. கப்பல் திரும்பியதும் பீப்பாய்ப் பக்கமே சரியான கிப்லா ஆகிவிடும். இரண்டு நாள் கழித்து ‘காற்று சரியில்லை’ என்றால் தீர்ந்தது. ஆனால் அதற்குள் தண்ணீர் தீர்ந்துபோகும். தண்ணீரைக் கட்டிப்போட வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மானம் போகும். மானம் போன நகுதாவின் பேச்சைக் கேட்காமல் பலசாலிகள் கப்பலில் கட்டியிருந்த சின்னத் தோணியையும் பீப்பாயையும் தூக்கிக்கொண்டு போவார்கள். தோணியில் ஆறு பேருக்குத்தான் இடம். மிச்சம் பத்துப் பேர்?

6

அஸர் நேரம். கப்பல் திரும்பவில்லை; மதியம் எந்தப் பக்கம் போனதோ அதே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் கடல் தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, பழக்கத்தில் பீப்பாய்களைப் பார்த்து வரிசை போட்டார்கள்.

அம்போ சக்கா ஃப்ளைவீலைத் தானே தூக்கினார். வயிற்றில் அணைத்தபடி, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், கப்பலின் முன்கோடி வரை நடந்துபோய் வைத்தார். திரும்பிவந்து மூடிகளை எடுத்துப் போனார். பிறகு முள்ளைப் பார்த்துவிட்டு வந்து கையை நீட்டினார். நேர் பின்னால், சுக்கான் பக்கம்.

வரிசை திரும்பவில்லை.

“அம்போ, மதியம் அந்தப் பக்கம் காட்டின” என்றார் ஹாஜா பாஹாரா.

“தப்பு, ஹாஜியம்மா. நேத்து லுஹர்ல இருந்து இன்னிக்கி லுஹர் வரைக்கும் ஆறு வேளை. ஆறும் தப்பு. இரும்ப முள்ளுப் பக்கத்துல வெக்கவிட்டது நான். பாஸோ மேல குத்தமில்ல.”

கமாருடின்தான் சட்டத்தை உடைத்தான். “அப்ப நாம இப்ப எங்க இருக்கோம்?”

“எனக்குத் தெரியாது.”

ஒரு நகுதா இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கிருந்த மாலுமிகளும் கேட்டதில்லை. ஒருவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

“தெரியாதா? பதினாறு உசுர ஏத்திக்கிட்டுத் தெரியாதுங்கற? தோணிய எறக்குங்கடா. நாங்க ஆறு பேரு துடுப்பு போட்டுப் போறோம்.”

“எந்தப் பக்கம் போடுவ?”

“தெக்கதான்.”

“எவ்ளோ தூரம்?”

கமாருடின் புகையைப் பார்த்தான்.

“எனக்கும் அதுதான் தெரியல தம்பி. தெரிஞ்சா நானே எறக்கி விட்டுருவேன்.” நகுதா வரிசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நின்று பேசவில்லை. “தெரிஞ்சதச் சொல்றேன். இப்ப முள்ளு சரி. தெக்கு எதுன்னு தெரியும். தெக்க போனா என்னிக்காவது ஒரு கரை உண்டு. நாளைக்குக் காத்து திரும்பும். தெரியாதது, எத்தன நாளுன்னு. நாலும் ஆகலாம், ஏழும் ஆகலாம். தண்ணி ஒரு பீப்பாயும் கொஞ்சமும். இன்னிலேருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு குவள. சமையலுக்குப் பாதி கடல் தண்ணி. தோணி அங்கதான் இருக்கு, நான் பூட்டு போடல. நாளைக்கு அஸருக்கு மறுபடி வந்து இதே மாதிரி சொல்லுவேன். அதக் கேட்டுட்டு, போறவங்க போங்க. உங்க பங்குத் தண்ணியோட போங்க.”

“தண்ணிய யாரு அளக்கறது? நீயா?” என்று கேட்டார் ஹாஜா பாஹாரா. குரலில் கத்தி இருந்தது.

“நீங்கதான்” என்று அகப்பையை அவர் கையில் கொடுத்தார்.

“நல்லாருக்குடா. நீ தப்பு பண்ணுவ, ஊரு வாயில நான் விழணுமா?”

“எனக்கு ஒரு குவள கூடக் குடுத்தா நீங்க கேக்கற கேள்வி எனக்குத் தெரியும். அதனாலதான்.”

அந்த அம்மாள் அகப்பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து, “அந்த ஆறு வேளை தொழுகை போச்சா?” என்று கேட்டார்கள்.

“தெரியாமத் தொழுதவன் தொழுகைய அல்லா ஏத்துக்குவான்” என்றார் ஹாஜா பாஹாரா. “தெரிஞ்சு காட்டினவன், தெரிஞ்சு தொழுதவன், அவங்க கணக்கு தனி.”

“ஆமா. தனி” என்றார் நகுதா. நான் மேல்தளத்தின் பலகை இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரும் சுக்கான் பக்கம் திரும்பி நின்றோம்.

7

இப்போது ஒரு பெருமூச்சு விடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த அஸர்களைப் போல நிம்மதியான நேரம் என் வாழ்நாளில் வேறு இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். நாக்கு வறண்டு, உதடு வெடித்து, நாளைக்கு இருப்போமா என்று தெரியாமல் கிடந்த நாட்கள். ஆனாலும் தினமும் தொழுகை முடிந்ததும் அந்தக் குள்ள மனிதர் எங்கள் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்காருவார். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைச் சொல்வார். நாளை அஸர் வரை யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமை, “நேத்து சொன்னதுல ஒண்ணு தப்பு, காத்து திரும்பும்னேன், திரும்பல” என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் அவரை முழுசாக நம்பினோம். கமாருடின் தோணியின் கயிற்றை அவிழ்க்கவில்லை. திங்கட்கிழமை அவன் தன் மூன்றாவது குவளையை, காய்ச்சலில் கிடந்த மாலுமிக்குக் கொடுத்ததைப் பார்த்தேன். ஹாஜா பாஹாரா அதையும் கணக்கில் பிடித்து, “ரெண்டு வாளி தலையில ஊத்தினவன் இப்பத் தர்மம் பண்றான்” என்று மானத்தை வாங்கினார். அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

என் கைப்பேசியில் இப்போது நாளெல்லாம் அறிவிப்புகள் வருகின்றன. பெருந்தொற்று வந்த வருஷத்தில் நான் தலைமையாசிரியனாக இல்லை, நல்லவேளை. ஆனால் வந்த சுற்றறிக்கைகளையெல்லாம் படித்தேன். எல்லாம் கட்டுக்குள் இருந்தது, எல்லாம் திட்டப்படி நடந்தது. ‘தெரியாது’ என்ற சொல்லை ஒன்றில்கூடப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு அந்த மனிதரின் குரல் வேண்டியிருந்தது. பிள்ளை மாதிரி ஏங்கினேன் என்றே சொல்கிறேன்.

புதன்கிழமை காலை புகைக்குள் சேவல் கூவியது. ரியோ இல்லை, அதற்குக் கிழக்கே ஒரு மீனவக் கரை. பீப்பாயில் அரைச் சாண் தண்ணீர் இருந்தது. பதினாறு பேரும் இறங்கினோம்.

8

கதையை இங்கே முடித்திருக்கலாம். முகாம்காரர்களும் மகிழ்ந்திருப்பார்கள். என்னால் முடியவில்லை, ஏனென்றால் எனக்குள் ஒரு முள் இருபத்தாறு வருஷம் குத்திக்கொண்டிருந்தது.

அவர் ஏன் சொன்னார்? நல்லவர் என்பதால் சொன்னாரா, நான் பார்த்துவிட்டேன் என்பதால் சொன்னாரா? எங்கள் கண்கள் சந்தித்தன. சாட்சி ஒருவன் மூட்டை மேல் கிடக்கிறான், எந்த நேரமும் வாயைத் திறப்பான், அதற்கு முன் நாமே சொல்லிவிடுவோம் என்று கணக்குப் போட்டிருந்தால்? அப்படியென்றால் நான் ஏங்கிய அந்தக் குரல் பயத்தின் குரல்தானே?

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) நகுதா தாமாகவே சொன்னார். ஈரத் தலையைப் பார்த்தார், மனம் பொறுக்கவில்லை. இது முகாமுக்கு ஏற்றது.

(ஆ) நகுதா எனக்குப் பயந்து சொன்னார். இது நான் பல வருஷம் நம்பியது. இதில் பதினாறு உயிரைக் காப்பாற்றியவன் நான். வாயையே திறக்காமல் காப்பாற்றினேன். இந்த முடிவு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

(இ) இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். இது எதையும் தீர்மானிக்கத் தெரியாத எழுத்தாளன் எழுதுவது. அடித்துவிட்டேன்.

9

நடந்தது இதுதான்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில், மகஸாரில், பல் டாக்டர் வீட்டுப் பெஞ்சில் என் பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் தடித்த கண்ணாடி. கழுத்தைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்.

“நகுதா, என்னத் தெரியுதா? சினார் பெனெக்கி. வாத்தியாரு.”

“அட! சர்க்கர மூட்ட வாத்தியாரே!” கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹாஜா பாஹாரா இறந்ததைச் சொன்னார். கமாருடினுக்கு ரியோவில் சொந்தப் படகுப் பட்டறை இருப்பதைச் சொன்னார். பேச்சு நல்ல சூட்டில் இருந்தது. எனக்கு இனி ஒரு சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது.

“நகுதா, ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்கி முள்ளு துள்ளினதப் பாத்தேன். லுஹருக்கு முன்னாடி. நான் பாத்தத நீங்களும் பாத்தீங்க. நான் பாக்காம இருந்திருந்தா, அஸருக்கு நீங்க சொல்லியிருப்பீங்களா?”

அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டு, என்னை நிதானமாகப் பார்த்தார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேனே. நீங்க என்னையே பாத்துக்கிட்டிருந்தீங்க.”

“எனக்கு அப்பவே தூரம் தெரியாது, வாத்தியாரே. கண்ணாடி போட்டா, கண்ணு கெட்ட நகுதான்னு ஒருத்தனும் கப்பல்ல ஏறமாட்டான். மூட்ட மேல ஆளு கெடக்கா, இன்னொரு மூட்ட கெடக்கான்னே எனக்குத் தெரியாது.” வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். “லுஹருக்கு முன்னாடியே தெரியும். பயந்துட்டேன். தெரிஞ்சே அந்த வேளையக் காட்டினேன். அத யார்கிட்டயும் சொன்னதில்ல, இன்னிக்கி ஒன்கிட்டதான் சொல்றேன். மூணு மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பினார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் முகம் அது.

“நீ பாத்துட்டு ஏன் சொல்லல?”

நான் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதினேன், அடித்தேன். பெரிய மனிதரின் மானம் என்று எழுதினேன், அடித்தேன். என் வேலை இல்லை என்று நினைத்தேன் என்று எழுதினேன். அது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது, அதனால் இன்னும் அழுத்தி அடித்தேன். அவர் மறுவருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். திருத்திச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே இந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். நீங்களும் எங்கோ ஒரு மூட்டை மேல் படுத்தபடி, ஒரு முள் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ, எங்கேயோ. பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்திருப்பீர்கள். நகுதா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கன்னத்தைக் கையால் தாங்கியபடி உங்களையே பார்க்கிறார். பதிலை நீங்கள் எழுதுங்கள்.

(                                                        )

மதிப்பெண் போட எனக்கு யோக்கியதை இல்லை.